சுடுதண்ணித் தொட்டியும் பச்சை ஒயரும்

என் வேலை முடிந்ததும் மண்ணைப் போட்டு மூடிவிடுவோம். ஒழுங்காகச் செய்திருந்தால் அதற்கப்புறம் அது யார் ஞாபகத்துக்கும் வராது, ஒழுங்காகச் செய்யாவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் ஞாபகம் வரும்.

எர்த் போடுவது, அதாவது கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்க வழி செய்வதுதான் என் தொழில். எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் மெயின்டனன்ஸில் இருந்தேன். பிறகு லைசென்ஸ் எடுத்துச் சொந்தமாக இறங்கினேன். கூட வேலை செய்பவர் வயர்மேன் பலராமன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குழி தோண்டுவதில் இருந்து பேனல் கட்டுவது வரை எல்லாம் தெரிந்தவர். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உள்ள பட்டறைகளுக்கு எர்த் போட்டுக்கொண்டு எங்கள் பாட்டுக்கு இருந்தோம். நாலைந்து வருஷமாகத்தான் வேறு மாதிரி போன் வர ஆரம்பித்தது: “மேடம், தோட்டத்துல ஒரு ஹாட் டப் வெக்கறோம், கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?”

ஹாட் டப் என்றால் ஐந்தாறு பேர் உட்காரும் ஒரு பெரிய தொட்டி. உள்ளே ஹீட்டர், பம்பு, குமிழி விடும் மோட்டார், கலர் விளக்கு எல்லாம் இருக்கும். பலராமன் அதற்கு ‘சுடுதண்ணித் தொட்டி’ என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. வெட்டவெளி, ஈர உடம்பு, வெறுங்கால், தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி மின்சாரம்! கரண்டுக்கு இதைவிட வசதியான இடத்தை யாரும் ஏற்பாடு செய்து கொடுக்க முடியாது. ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் தொட்டு, ‘சுர்’ரென்று இழுத்ததும் கையை உதறிவிட்டு, ‘ஒன்றுமில்லை’ என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் எல்லோரும் என் கட்சி. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொய்யா மரத்தில் கரண்டு

முதல் தொட்டி ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆற்றோரமாக ஒரு பண்ணை வீட்டில். சொந்தக்காரர் சென்னையில் பல் டாக்டர். சனி, ஞாயிறு மட்டும் குடும்பத்தோடு வருவார். நாங்கள் போனபோது தொட்டி ஏற்கெனவே வந்து இறங்கி, தண்ணீரும் நிரப்பியிருந்தார்கள். வீட்டின் பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு ஒயர் வெளியே வந்து, கொய்யா மரக் கிளையில் தொங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் முடிந்தது. அதன் மேல் ஒரு பாலிதீன் கவர் மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். “மழ பேஞ்சா இன்னா சார் பண்ணுவீங்க?” என்று பலராமன் கேட்டார். டாக்டர் ரொம்ப நிதானமாக, “இன்னொரு கவர் போடுவோம்” என்றார்.

நான் அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். தொட்டிக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி லைன் வர வேண்டும். கொஞ்சம் கரண்டு கசிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் விழுகிற ட்ரிப்பர் வேண்டும். ஸ்விட்ச் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஆனால் தொட்டிக்குள் இருப்பவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். பம்பு, ஹீட்டர், ஏணி, கைப்பிடி என்று தொட்டியைச் சுற்றியுள்ள இரும்பையெல்லாம் ஒரே கம்பியில் கோர்க்க வேண்டும். அந்தக் கம்பி ஒரு நல்ல எர்த் குழிக்குப் போக வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும், ஹீட்டர் பழுதாகிற நாளில் கசிகிற கரண்டு குளிக்கிறவர் உடம்பு வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்களுக்கு முன்னால் மூன்று பேர் வந்து பார்த்ததாகவும், மூவருமே ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னார்.

இத்தோடு நம்மை அனுப்பிவிடுவார் என்று நினைத்து நான் பையை எடுத்தேன். அவர் எழுந்து போய், தானே ஸ்விட்சை அணைத்துவிட்டு, கொய்யா மரத்திலிருந்து பாக்ஸைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிள்ளைகள் இரண்டும் நீச்சல் உடையோடு தயாராக நின்றிருந்தன. அவற்றை உள்ளே போகச் சொன்னார். பிறகு என்னிடம், “நான் பல் டாக்டர்ம்மா. ‘வலிக்கவே வலிக்காது’ன்னு சொல்றவங்களப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். நீங்க குழியத் தோண்டுங்க” என்றார்.

டிராக்டர் சொன்ன இடம்

தோண்டினோம். அங்கேதான் வந்தது பேஜாரு. ஆற்றோரம் என்பதால் முழுக்க மணல். பத்தடி ஆழம் போய் எலக்ட்ரோடு குழாயை இறக்கி, ஈரம் காக்கும் மருந்து மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, மண்ணின் தடையை அளக்கும் எர்த் மெக்கரை வைத்தால் முப்பத்தெட்டு ஓம் காட்டுகிறது. குறையக் குறைய நல்லது, எனக்கு வேண்டியது ஐந்துக்குள். வேறிடத்தில் இரண்டாவது குழி போட்டோம். முப்பத்தொன்று. பலராமன் குழி விளிம்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார், நான் மெக்கரைப் பார்த்தேன். மெக்கர் பொய் சொல்கிறதோ என்று அதையும் ஒருமுறை தட்டிப் பார்த்தாயிற்று.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் வயலில் நின்றிருந்த ராணி என்ற பெண்மணி வந்தார். டாக்டருக்கு நிலத்தை விற்றது அவர் குடும்பம்தான். மிச்சமுள்ள நிலத்தில் அவரே நெல் போடுகிறார், டிராக்டரும் அவரே ஓட்டுவார். “இன்னா நைனா, மணல்ல போய்க் குழி தோண்டிக்கினு கீறீங்க?” என்று பலராமனைக் கேட்டார். மண்ணில் ஈரம் பிடிக்கிற இடம் வேண்டும் என்று நான் சொன்னதும் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வேலியைத் தாண்டி வந்து, தோட்டத்தின் மூலையில் எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் குதிகாலால் ஒரு கோடு கிழித்தார். அந்தக் காலத்தில் அங்கே ஒரு வாய்க்கால் ஓடியதாம். தூர்ந்துபோய் மேலே மணல் மூடிவிட்டது, ஆனால் அடியில் களிமண் இருக்கிறது என்றார். எனக்கு அரை நம்பிக்கைதான். ஆனாலும் தோண்டினோம். நாலடியில் மணல் முடிந்து, கறுப்பாக, பிசுபிசுவென்று, பிடித்தால் உருண்டை பிடிக்கிற களிமண் வந்தது. மெக்கர் நாலு ஓம் காட்டியது. தொட்டிக்கு அங்கிருந்து ஒயர் நீளம் கூடியது, அதனால் கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டோம், அவ்வளவுதான். காலேஜில் மண்ணின் தடையைப் பற்றி ஒரு முழுப் பாடம் படித்தவள் நான். இந்த இடத்தை எப்படி அம்மா கண்டுபிடித்தீர்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். “இதுல இன்னா கண்டுபுடிக்கறது? வருஷா வருஷம் எங்க டிராக்டரு அங்கதான் மாட்டிக்கினு நிக்கும். உம் மிஷினு இன்னிக்கித்தான வந்துக்கீது!” என்றார்.

வெல்லமா உசிரு?

மணவாள நகரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண், நான் ஹாட் டப்புக்கு எர்த் போடுகிறவள் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தார். காக்களூரில் ஒரு பேக்கிங் யூனிட்டில் வேலை செய்கிறார். அவர் வீட்டில் தொட்டி எல்லாம் இல்லை. பின்பக்கம் தகரக் கொட்டகையில் ஒரு வாஷிங் மெஷின். அதைத் தொட்டால் இழுக்கிறது. ஒரு வருஷமாக ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் துணி துவைக்கிறாராம். (சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்றைச் செருப்பு போட்டுக்கொண்டுதான் தொடுகிறீர்கள்.) போய்ப் பிளக்கை உருவிவிட்டு, சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று ஓட்டை சாக்கெட், ஆனால் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. வீடு கட்டினவர்கள் எர்த்துக்குப் போகிற பச்சை ஒயரை வெறும் அழகுக்கு என்று நினைத்து விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எத்தனையோ வீட்டில் இதே கதைதான்.

தனிக் குழி, ட்ரிப்பர், தொட்டிக்குச் செய்கிற அதே வேலை வேண்டும் என்றார். வாஷிங் மெஷினுக்கு இவ்வளவு தேவையா என்று அவர் கணவர் பக்கத்தில் நின்று இழுத்தார். அந்தப் பெண் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் கிளிப் போட்ட துணியோடு என்னிடம் கேட்டார்: “தொட்டியில ஊறிக்கினு கெடக்கறவங்க உசிரு மட்டும் வெல்லமா? தொவைக்கறவ உசிரு இன்னா, புளியா?”

நல்ல ரீடிங்

இது என் தப்பைப் பற்றியது. பழவேற்காட்டில் ஏரிக்கரையோரமாக நாலு அறை கொண்ட ஒரு விடுதி. அங்கும் வெளியில் ஒரு சுடுதண்ணித் தொட்டி. உப்பு மண். குழி போட்டு மெக்கரை வைத்தால் ஒரு ஓம் கூடக் காட்டவில்லை. என் வாழ்க்கையில் இப்படி ஒரு ரீடிங்கைப் பார்த்ததில்லை. பலராமன் மெக்கருக்கு ஒரு கும்பிடு போட்டார். நான் சந்தோஷமாக ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விடுதியைப் பார்த்துக்கொள்பவர் தேசப்பன், முப்பது வயது இருக்கும். காலையில் அண்ணனோடு படகில் போய் வலை போட்டுவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் விடுதி வேலை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எத்தினி நாளைக்கு மா இது நல்லாருக்கும்?” ‘பல வருஷம் தாங்கும்’ என்று வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அவரே போன் செய்தார். ட்ரிப்பரில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது அல்லவா, நாம் வாங்கினதிலிருந்து தொடாத பட்டன், அதை அவர் செவ்வாய்க்கிழமை தோறும் அமுக்கிப் பார்க்கிறவர். அது சரியாகத்தான் விழுகிறதாம். ஆனால் குழிக்குள் இறங்குகிற பட்டையில் வெள்ளை பூத்த மாதிரி இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். குழி மூடியை அவராகவே திறந்து பார்த்திருக்கிறார்! போய்த் தோண்டினோம். நான் போட்ட ஜி.ஐ. பட்டையின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையின் இணைப்பு, கையில் எடுத்தால் பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. மேலே பார்க்க முழுசாக இருந்தது. அடியில் உப்பு தின்று முடித்துவிட்டது. இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் தொட்டிக்கும் மண்ணுக்கும் சம்பந்தமே இருந்திருக்காது. இந்தத் தடவை முழுக்கச் செம்பில் போட்டு, இணைப்புகளை உருக்கிச் சேர்த்து, இணைப்பைத் திறந்து பார்க்கத் தனியாக இன்னொரு மூடியும் வைத்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே வந்து அளப்பதாகச் சொன்னேன்.

தேசப்பன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். இதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, கரையில் இழுத்து வைத்திருந்த தன் படகைக் காட்டி, “எங்க இஞ்சினு போல்ட்ட வருஷத்துக்கு ரெண்டு தபா மாத்தறோம் மா. நீ மண்ணுக்குள்ள இரும்ப வெச்சிட்டுச் சிரிச்சிக்கினே போனியா, எனக்கு அன்னிக்கே தூக்கம் வரல” என்றார்.

கன்னி மூலை

காக்களூரில் ஸ்பிரிங் செய்யும் பட்டறை வைத்திருப்பவர், வீட்டுத் தோட்டத்தில் தொட்டி வைத்தார். நல்ல மண் இருந்தது தென்மேற்கு மூலையில். குறி போட்டுக் கடப்பாரையை ஓங்கும்போது, வாஸ்து பார்ப்பவர் ஓடி வந்தார். கன்னி மூலையில் பள்ளம் தோண்டினால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாதாம். எர்த் இல்லாமல் தொட்டியில் இறங்கினாலும் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது என்று நான் சொன்னேன். பட்டறைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டை வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாஸ்துக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, எர்த் என்றால் என்ன என்று முதலிலிருந்து கேட்டார். எவ்வளவு ஆழம், உள்ளே என்ன போடுவீர்கள், தண்ணீர் ஊற்ற வேண்டுமா, கடைசியில் எப்படி மூடுவீர்கள்? மேலே கான்கிரீட் கட்டி, தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மூடி போடுவோம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பட்டறைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தோண்டி மூடினப்புறம் அது பள்ளம் இல்ல சார், மேடு. கன்னி மூலையில மேடு இருந்தா ரொம்ப விசேஷம். இன்னும் ஒரு அடி ஒசத்தியே கட்டச் சொல்லுங்க.”

சாவி குமாரியிடம் இருக்கிறது

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் விருந்தினர் மாளிகை. அங்கே தொட்டிக்கு எர்த் போட்டது நானும் பலராமனும்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஒரு சனிக்கிழமை காலை, காக்களூரில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன். “மா, உன் நம்பரு கரண்டு பொட்டி மேல ஒட்டிக்கீது. நான் இங்க பெருக்கித் தொடைக்கறவ, பேரு குமாரி. தொட்டி ஏணியத் தொட்டா இழுக்குது. நீ வா.” பின்னாலேயே ஓர் ஆண் குரல் கத்துவது கேட்டது. பிறகு அந்தக் குரலே போனை வாங்கியது. மேனேஜர். முதலாளி குடும்பம் மூன்று மணிக்கு வருகிறது, பேரனுக்குப் பிறந்தநாள், பத்துப் பதினைந்து குழந்தைகள் தொட்டியில் விளையாடப் போகிறார்கள். இந்த அம்மாள் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பேனல் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அணைப்பதற்கு முன்பே சூப்பர்வைசர் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்தாயிற்று, ஏணியில் கரண்டே இல்லை. “நீங்களே சொல்லுங்க மேடம், நீங்க போட்டதுதானே, ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க” என்றார். சொல்லியிருக்கலாம். நான் போட்டதுதான். “குமாரிகிட்டயே சாவி இருக்கட்டும், நான் வரேன்” என்று சொல்லிவிட்டு இட்லியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பலராமனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். ஒன்றரை மணி நேர ஓட்டம். போய் இறங்கினால், வெயில் ஏறிவிட்டது, குமாரி அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாற்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான உடம்பு. மேனேஜர் வேலையை விட்டுத் தூக்குவதாக இரண்டு தடவை சொல்லியாயிற்றாம். என்னைப் பார்த்ததும் எழுந்து, எந்தப் பதற்றமும் இல்லாமல் விவரம் சொன்னார். காலையில் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். ஏணியைப் பிடித்தபோது ஒரு ‘சுர்’. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் ஒன்றுமில்லை. மறுபடி இழுக்கிறது. மறுபடி இல்லை. நின்று கவனித்திருக்கிறார். “தண்ணி காயறப்ப மட்டுந்தான் மா இழுக்குது. அந்தச் செவப்பு லைட்டு எரியுதே, அப்ப மட்டும். அவுரு வந்து பாத்தப்ப லைட்டு எரியல.” பாதிப் பழுதை அந்தம்மாள் கண்டுபிடித்துவிட்டார். சூப்பர்வைசர் டெஸ்டர் வைத்த நேரத்தில் தண்ணீர் போதுமான அளவு சூடாகி, ஹீட்டர் தானாக நின்றிருக்கிறது!

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சாவியை வாங்கி, மெயினைப் போட்டு, ஹீட்டரை ஓட விட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டரின் ஒரு முனையை ஏணியிலும் மறுமுனையை ஈர மண்ணிலும் வைத்தேன். நூற்று முப்பத்தெட்டு வோல்ட். மேனேஜருக்கு மீட்டரைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு வோல்ட் கணக்குத் தெரியாமல் இருக்கலாம், என் முகத்தைப் படிக்கத் தெரிந்திருக்கிறது. அணைத்துவிட்டுத் தேடினோம். ஹீட்டர் பழுதாகிக் கசிந்திருக்கிறது. அதனால் ட்ரிப்பர் அடிக்கடி விழுந்திருக்கிறது. மழைக்காலத்தில் யாரோ ஓர் எலக்ட்ரீஷியன், இந்தத் தொல்லை எதற்கென்று ட்ரிப்பருக்குக் குறுக்கே ஒரு ஒயரைப் போட்டு ஊமையாக்கிவிட்டார். அப்போதுகூட என் பச்சை ஒயர் எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது. இந்த வாரம், முதலாளி வருகிறார் என்று தரையில் புது டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். வெட்டும் மெஷின் பட்டு, அடியில் இருந்த அந்த ஒயர் துண்டாகிவிட்டது. இரும்பையெல்லாம் நான்தான் ஒன்றோடொன்று கோர்த்து வைத்திருந்தேன். மண்ணோடு இருந்த தொடர்பு அறுந்ததும், ஹீட்டரில் கசிந்த கரண்டு ஏணி வரைக்கும் வந்து குந்திக்கொண்டது. அன்றிலிருந்து எந்தத் தொட்டிக்கும் நான் இரண்டு வழியில் இரண்டு பச்சை ஒயர் போடாமல் விடுவதில்லை. ஒன்று தரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி.

மேனேஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து நிழலில் போட்டு, குமாரியை உட்காரச் சொன்னார். தண்ணீரும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டு, “சார், இன்னிக்குத் தொட்டி கிடையாது. குழந்தைகளுக்கு வேற ஏதாவது ஏற்பாடு பண்றேன். பழுதக் கண்டுபிடிச்சது குமாரிம்மா, நான் நம்பாம அவங்களத் திட்டிட்டேன்” என்றார். எத்தனை பேருக்கு வரும் அந்த வாய்? கிளம்பும்போது நான் குமாரியிடம், வேலையே போய்விடும் என்று அவர் அத்தனை சத்தம் போட்டாரே, உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். அவர் சாவி இருந்த இடத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே சொன்னார்: “மேனேஜரு சாருக்குக் கோவம் வந்தா கத்துறாரு, நமக்குத் தெரியுது. கரண்டு கத்தாது மா.”

பலராமன் கொடுத்த சர்டிபிகேட்

பத்து நாளில் அதே தொட்டிக்குப் புது ஹீட்டர், புது ட்ரிப்பர், இரண்டு வழி எர்த் எல்லாம் போட்டு முடித்தோம். ஹீட்டர் ஓடும்போதும் நிற்கும்போதும் ஏணி, கைப்பிடி, பம்பு எல்லாவற்றையும் மூன்று தடவை அளந்தேன். முள் அசையவில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் கரண்டைக் கசிய விட்டுப் பார்த்தேன், ட்ரிப்பர் பட்டென்று விழுந்தது. ரிப்போர்ட்டை எழுதி நீட்டினால், மேனேஜர் வாங்கவில்லை. போன தடவையும் ரிப்போர்ட் இருந்ததே மேடம் என்றார். நியாயம்தான். குமாரி துடைப்பத்தோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி வீட்டில் அந்தத் தொட்டியையே எடுத்துவிடச் சொல்கிறார்களாம்.

நான் ரிப்போர்ட்டை நீட்டியபடி நிற்கும்போதே பின்னால் ‘தொபுக்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பலராமன், சட்டையைக் கழற்றி டூல்ஸ் பையின் மேல் மடித்து வைத்துவிட்டு, அரை டிராயரோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டார். சிவப்பு விளக்கு எரிகிறது, ஹீட்டர் ஓடுகிறது, ஒரு கை ஏணியில். என் கால் தானாக ஸ்விட்ச் பக்கம் திரும்பியது. நானே அளந்ததுதான், முள் அசையவில்லைதான், இருந்தாலும்! எத்தனையோ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கையெழுத்தை இப்படி யாரும் நம்பியதில்லை. அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தளவு குமிழியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் சிரித்துவிட்டு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். குமாரி வந்து ஏணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரத் தரையில் கால் வைத்து மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு, தலையாட்டினார். வேலை முடிந்தது, ஏறி வாருங்கள், போகலாம் என்று நான் கூப்பிட்டேன். கால் மணி ஆயிற்று. மறுபடி கூப்பிட்டேன். கண்ணைத் திறக்காமலே பலராமன் சொன்னார்: “செத்த இரு மேடம், முட்டி வலிக்கு நல்லாக்கீது.”

* * *

இப்படி ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் சுடுதண்ணித் தொட்டிகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் என் வீட்டில் இன்றைக்கும் பிளாஸ்டிக் வாளியும் ஒரு மக்கும்தான், அதற்கு எர்த் தேவையில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.